பிள்ளையாருக்காகத் திரும்பிய அம்புக்குறி

1

"தாங்கள் குறிப்பிடும் இடத்தில் பாதசாரிகள் கடப்பதற்கான வெள்ளைக் கோடுகள் எவையும் இந்த அலுவலகத்தால் போடப்படவில்லை. அவ்விடத்தில் அப்படி ஒன்று இருப்பதாக இங்குள்ள பதிவேடுகளிலும் இல்லை. ஆகவே அவை யாரால், எந்த நாளில் போடப்பட்டன என்ற கேள்விகள் எழவில்லை."

தகவல் உரிமைச் சட்டத்தின்படி நான் அனுப்பிய மனுவுக்கு மலையாளத்தில் வந்த பதில் இது. தமிழாக்கம் என்னுடையது. வந்த நாள், ஆடி மாதத்து இரண்டாம் செவ்வாய். இங்கே கர்க்கடகம் என்பார்கள். மழைக்கு இரண்டு பெயருமே ஒன்றுதான்.

தபால்காரர் என்னைப் பெரிய ரோட்டு ஓரத்திலேயே பிடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு உறையைப் பிரித்துப் படித்தேன். பாதியில் நிமிர்ந்து பார்த்தால் ஒரு நகரப் பேருந்து எனக்காக நின்றுகொண்டிருக்கிறது. நான் நின்றிருந்தது அந்த இல்லாத கோடுகளின் விளிம்பில். கடக்கப் போகிறேன் என்று ஓட்டுநர் நினைத்திருக்கிறார். ஜன்னல் வழியே தலையை நீட்டி, "சாரே, வாயிச்சு கழிஞ்ஞோ?" என்றார். படித்து முடித்தாயிற்றா என்று அர்த்தம். முடிக்கவில்லை. ஆனால் பேருந்தே நின்றுவிட்ட பிறகு கடக்காமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் கடந்தேன். எதிர்ப்பக்கம் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மீதியை அங்கே நின்று படித்தேன்.

2

நம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு 'வெளியில் வாழ்வோர்' பகுதியில் எழுதும்படி செயலாளர் கேட்டிருக்கிறார். போன மலரில் இதே பகுதியில் மெல்போர்னிலிருந்து என் சித்தப்பா மகன் எழுதியிருந்தான்: பனி, கங்காரு, மகளின் உச்சரிப்பு. எனக்கு அவ்வளவு வசதி கிடையாது. நான் கடல் கடக்கவில்லை. திருநெல்வேலியில் ரயில் ஏறி, ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, திருவனந்தபுரத்தில் இறங்கினேன். கொண்டுவந்த புளியோதரை கெட்டுப்போகும் முன் ஊர் வந்துவிட்டது. ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுத வந்தவன் ஓய்வு பெற்றும் கரமனை ஆற்றுக்கு அருகில், ஓர் அக்கிரகாரத் தெருவில் இருக்கிறேன். இதைப் புலம்பெயர்வு என்றால் மெல்போர்ன்காரன் சிரிப்பான்.

ஆனால் அவனுக்கு வாய்த்த ஆங்கிலம் முழுக்க அந்நிய பாஷை. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ள முடிந்தது. எனக்கு வாய்த்தது தெரிந்தது போலவே இருக்கும் பாஷை. வந்த புதிதில் மலையாள எழுத்தைக் கூட்டி வாசிக்கப் பழகிய உற்சாகத்தில் ஒரு சாலைப் பலகையைப் படித்தேன்: 'அபகட வளவு'. அபாயகரமான வளைவு என்று பொருள். நமக்கு வளவு என்றால் நாலு வீடு சேர்ந்த காம்பவுண்டு அல்லவா? எந்த வளவு, யார் குடியிருக்கிறார்கள், அப்படி என்ன அபாயம் என்று நின்று சுற்றிலும் பார்த்தேன். பின்னால் வந்த லாரிக்காரன் சொன்னதை இந்த மலரில் எழுத முடியாது.

3

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பழைய மரக்கடை இருந்தது. அதை இடித்துவிட்டுச் சென்ற ஆண்டு ஆவணியில் பெரிய வணிக வளாகம் ஒன்றைத் திறந்தார்கள். மளிகை, செருப்பு, சோபா, டி.வி., மேல்மாடியில் சாப்பாடு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு பெரிய வண்டி நிறுத்துமிடம். இந்த வளாகமும் எங்கள் பிள்ளையார் கோவிலும் ஒரே சதுரத்துக்குள் இருக்கின்றன. சதுரத்தின் வடக்கே பெரிய ரோடு. தெற்கே எங்கள் தெரு. கிழக்கிலும் மேற்கிலும் ஆளுக்கொரு சந்து. கீழச் சந்து, மேலச் சந்து என்று நான் நம் ஊர்ப் பாணியில் சொல்ல, இப்போது தெருவில் எல்லாரும் அப்படியே சொல்கிறார்கள். நான் இந்த ஊருக்குக் கொடுத்தது இவ்வளவுதான்.

பெரிய ரோட்டின் எதிர்ப்புறம் அடுக்குமாடிக் குடியிருப்புகள். நாகர்கோவில், திருநெல்வேலிக் குடும்பங்கள் நிறைய. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என் மனைவி பார்வதி சனிக்கிழமை மாலைகளில் எங்கள் கூடத்தில் பாய் விரித்துத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். பள்ளிக்கூடம் மலையாளம், அல்லது ஆங்கிலம். வீட்டில் தமிழ் பேச மட்டும்தான். எங்கள் மகள் வித்யா அப்படித்தான் வளர்ந்தாள். சாப்பாடு கேட்பது தமிழில், அலுவலகம் ஆங்கிலத்தில், எங்களோடு சண்டை என்றால் மலையாளத்தில். தன் மகளிடம் விட்டதை ஊரார் பிள்ளைகளிடம் பிடிக்கப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன், பார்வதியிடம் சொன்னதில்லை. வகுப்பில் ஒரு விதி உண்டு. காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடாமல் ஓர் எழுத்தும் எழுதக் கூடாது.

இந்தப் பிள்ளைகள் எங்கள் பக்கம் வரக் கடக்க வேண்டிய இடம், கீழச் சந்தின் முனை. மரக்கடை இருந்தவரை அங்கே கவனிக்க வேண்டியது எப்போதாவது வரும் லாரி ஒன்றைத்தான். வளாகம் திறந்த வாரத்திலேயே சதுரத்தின் நான்கு பக்கமும் கார்கள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. ஒரு சனிக்கிழமை, வகுப்புக்கு வர வேண்டிய பிள்ளைகள் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்று கையசைத்துவிட்டு வீடு திரும்பினார்கள். பார்வதி இந்தப் பக்கம் நின்று பதிலுக்குக் கையசைத்தாள்.

4

சாலை அலுவலகத்தில் ஸ்மிதா என்ற இளம் பொறியாளர் ஒரு வரைபடம் தயாரித்தார். அதை விளக்கக் குடியிருப்போர் கூட்டத்துக்கும் வந்தார். எளிமையான திட்டம். நான்கு பக்கமும் ஒருவழிப் பாதை. பெரிய ரோட்டிலிருந்து மேலச் சந்தில் இடது, எங்கள் தெருவில் இடது, கீழச் சந்தில் இடது, மறுபடி பெரிய ரோட்டில் இடது.

"இடது பக்கமே திரும்புகிற வண்டி எதிரே வருகிற யாரையும் வெட்டிப் போகாது, சார்," என்றார். "கீழச் சந்து வெறும் வெளியேறும் வழி. அங்கே வண்டி மெதுவாகத்தான் வரும். அந்த முனையில் வெள்ளைக் கோடு போட்டுத் தருகிறோம். குட்டிகள் சுகமாகக் கடக்கலாம்." பிள்ளைகளை இங்கே குட்டிகள் என்பார்கள்.

நான் அந்த வரைபடத்தை ஒரு நல்ல கணக்கைப் பார்ப்பது போலப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை. பார்வதி கை தட்டினாள்; கூட்டத்தில் கை தட்டியது அவள் மட்டும்தான்.

அவர் போன பிறகு எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஹரிஹரன் எழுந்தார். மூன்று தலைமுறையாக இந்தத் தெருக்காரர். கோவில் காரியமும் அவர்தான் பார்க்கிறார். வரைபடத்தின் மேல் விரலை வைத்து இடது, இடது, இடது என்று ஓட்டிக்கொண்டே வந்தவர், விரலை எடுக்காமல் எங்களைப் பார்த்தார்.

"நடுவில யாரு இருக்கார்?"

"மளிகைக் கடை," என்றாள் வித்யா.

"கோவிலாக்கும் இருக்கு! பிள்ளையாரை இடப்பக்கம் வச்சுண்டு சுத்தினா அதுக்கு என்ன பேரு? அப்பிரதட்சிணம். காலம்பறலேருந்து ராத்திரி வரைக்கும் அத்தனை காரும் சுவாமியை அப்பிரதட்சிணம் பண்ணும். வினை யாருக்கு? செருப்பு வாங்க வந்தவனுக்கா? அவன் வாங்கிண்டு போயிடுவான். தெருவில கிடக்கற நமக்காக்கும்."

எல்லார் விரலும் மனசுக்குள் ஒரு தடவை சதுரத்தைச் சுற்றி வந்தது தெரிந்தது. என் விரலும்தான்.

"அண்ணா, அது டிராஃபிக். பூஜை இல்லை," என்றாள் வித்யா.

"ஏண்டி, இந்த ஊர்ல ஆறாட்டு ஊர்வலம் ஏர்போர்ட் வழியாப் போறதுக்கு விமானத்தையே நிறுத்தி வைக்கறா. பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காம ஒரு புதுக் கார் ரெண்டாவது கியர் போடறதில்லை. நம்ம பிள்ளையாருக்கு ஒரு அம்புக்குறி திரும்பாதோ?"

பார்வதி சொன்னாள்: "பிள்ளையார் எங்கேயும் நடக்கலையே. அவர் பாட்டுக்கு உட்கார்ந்துண்டுதான் இருக்கார். நடக்கறது குழந்தைகள்."

நல்ல வாதத்துக்குப் பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குப் போவது எங்கள் சங்கத்தின் வழக்கம்.

மனுவை மலையாளத்தில் எழுதிக்கொடுக்கும் வேலை வித்யாவுக்கு. கோடு, வேகத்தடை, சந்துமுனை விளக்கு என்று மூன்று கோரிக்கைகள் எழுதியிருந்தாள். ஹரிஹரன் நான்காவதைச் சேர்க்கச் சொல்லி, அதையே முதலாவதாகவும் வைக்கச் சொன்னார்.

"அப்பா, வேண்டாம்," என்றாள் என்னிடம் தனியாக. "நாலு கேட்டா, அவாளுக்கு எது சுலபமோ அதை மட்டும் செய்வா."

"கேட்கறதுல என்ன நஷ்டம்?" என்றேன். சங்கத்தில் ஓய்வு பெற்ற பத்து ஆடிட்டர்களும் வங்கி மேலாளர்களும் இருந்தோம். நஷ்டத்தை முன்கூட்டியே பார்ப்பதுதான் எங்கள் ஆயுள் முழுக்கத் தொழில். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டோம். மனுவின் தலையில் ஹரிஹரன் பேனாவால் ஒரு பிள்ளையார் சுழியும் போட்டார். அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டவர் வெகுநேரம் அந்தச் சுழியைப் பார்த்துவிட்டு, இந்த அடையாளமிட்ட இணைப்பு எங்கே என்று கேட்டாராம்.

5

வித்யா சொன்னபடியே நடந்தது. வேகத்தடைக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். விளக்குக்கு இன்னொரு அலுவலகத்திடம் போக வேண்டும். அம்புக்குறிக்கு ஒன்றும் வேண்டாம். பலகையைக் கழற்றித் திருப்பி மாட்டினால் போதும். வார்டு உறுப்பினர் உடனே சம்மதித்தார், பக்தர்களின் கோரிக்கை என்பதால். வளாக மேலாளருக்கோ இரட்டைச் சந்தோஷம். வாஸ்துக்காரரும் இதையேதான் சொல்லியிருந்தாராம்.

ஸ்மிதா மட்டும் கடைசியாக ஒரு தடவை போன் செய்தார். "சார், அம்பு திரும்பினால் என் கோடு போய்விடும். அறியுமோ?"

விளக்கினார். வலமாகச் சுற்ற வேண்டுமென்றால் வண்டிகள் கீழச் சந்தில் நுழைய வேண்டும். ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் எதிர்வரும் வண்டிகளை வெட்டிக்கொண்டு வலது திரும்ப வேண்டும். அதற்கு நடுத் தடுப்பைச் சந்துமுனையில் அகலமாக உடைத்துவிட வேண்டும். வண்டிகள் பாய்ந்து திரும்புகிற வாயில் பாதசாரிக் கோடு போட விதியில் இடமில்லை. போட்டால் அது கொலை.

ஹரிஹரனிடம் சொன்னேன்.

"குழப்பமில்லை," என்றார்.

நம் பக்கத்து வாசகர்களுக்காக: இங்கே குழப்பமில்லை என்றால், பரவாயில்லை என்று பொருள். குழப்பம் இருக்கும் இடங்களிலேயே அதிகம் சொல்லப்படுவது.

பலகைகள் திரும்பிய அன்று கோவிலில் அப்பமும் சுண்டலும். பிள்ளையாரைச் சுற்றி முதல் பிரதட்சிணம் செய்தது ஒரு பால் வண்டி. இரண்டாவது, சோபா ஏற்றிய மினி லாரி.

6

அடுத்த சனிக்கிழமை முதல் பார்வதி குடையோடு போய்ச் சந்துமுனையில் நின்றாள். மழை இல்லை. குடையை விரிக்காமல் நீட்டிப் பிடித்து வண்டிகளை நிறுத்துவாள். பிள்ளைகள் ஓடி வருவார்கள். திரும்பும்போதும் இதே.

சில வாரங்கள் ஓடின. ஒரு சனிக்கிழமை, நேரே வந்த பேருந்து குடையைப் பார்த்து நின்றது. அதன் மறைவிலிருந்து வலது திரும்பிய கார் குடையைப் பார்க்கவில்லை. நந்தினி என்ற பத்து வயதுப் பெண்ணின் பையில் இடித்து நின்றது. பை ஓரிடம், நோட்டு ஓரிடம், செருப்பு ஓரிடம். அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. காரிலிருந்து இறங்கியவர் மூன்றையும் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தார்.

மறுநாள் நந்தினியின் அப்பா வந்தார். நாகர்கோவில்காரர். காபியைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமல் வைத்திருந்தார்.

"மாமி, தப்பா எடுத்துக்கிடாதீங்க. தமிழு வேணும்தான். ஆனா மொதல்ல பிள்ள வேணும்லா?"

"வேணும்," என்றாள் பார்வதி.

"அவ அழுதா. வருவேன்னுதான் அழுதா. நாந்தான் வேண்டாம்னேன்."

அதற்கடுத்த சனிக்கிழமை பாயில் இரண்டே பிள்ளைகள். இருவரும் எங்கள் தெரு. பார்வதி பாயை வழக்கம்போல முழுதாகத்தான் விரித்தாள். அந்த இருவரையும் நடுவில் உட்கார வைத்தாள். அன்றிலிருந்து ஹரிஹரனோடு பேசுவதை நிறுத்தினாள். கோவிலுக்குப் போவாள், அவர் கையால் விபூதி வாங்கிக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். ஒரே தெருவில் இது எவ்வளவு சத்தமான காரியம் என்பது அக்கிரகாரத்தில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

வைகாசியில் பார்வதி வித்யாவைக் கூட்டிக்கொண்டு ஸ்மிதாவைப் போய்ப் பார்த்தாள். கார் ஓட்டிக்கொண்டு போனது, எனக்கே ஆச்சரியம், ஹரிஹரன். அவராகவே வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "நான் கொண்டு விடறேன்" என்றாராம். பார்வதி பேசாமல் பின்சீட்டில் ஏறிக்கொண்டாளாம்.

ஸ்மிதா அவர்களை ரோட்டுக்கே கூட்டிவந்து காட்டினார். சந்துமுனையிலிருந்து கிழக்கே கொஞ்சம் தள்ளி, நடுத் தடுப்பில் ஆள் மட்டும் நுழையும் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. அங்கே கோடு போட்டால் திரும்பும் வண்டிகள் குறுக்கிடாது. வருகிறவர்களுக்குத் தூரத்திலிருந்தே தெரியும். கோப்பு அனுப்புகிறேன் என்றார். எப்போது ஆகும் என்று வித்யா கேட்டாள். மழைக்காலத்தில் ரோட்டில் பெயிண்ட் அடிக்க அனுமதியில்லை. மழை முடிந்ததும் பார்க்கலாம். இந்த ஊரில் மழை எப்போது முடியும் என்பதை எந்த அலுவலகமும் எழுதிக் கொடுத்ததில்லை.

7

இந்தத் தெருவில் நான் குடியேறியபின் நடந்த அநேகமாக எல்லாவற்றுக்கும் என்னிடம் தேதி உண்டு. குழாய் வந்த நாள், கிணறு மூடிய நாள், மரக்கடையின் கடைசி லாரி போன நாள். நடந்ததிலேயே முக்கியமான ஒன்றுக்கு மட்டும் இல்லை. அந்த வாரக் கடைசியில் ஒரு கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருந்தேன். பார்வதிக்கு முழங்கால் வலி, வரவில்லை. வித்யா அலுவலகம் இருக்கிறது என்றாள், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில்.

திங்களன்று திரும்பி வந்தேன். அந்தச் சின்ன இடைவெளிக்கு நேராக, ரோட்டின் இரு பாதியிலும், வெள்ளைக் கோடுகள். ஒரு கார் அதன் முன் தயங்கி நின்றது. ஒரு பெண்மணி காய்கறிப் பையோடு கடந்து போனாள், காலம்காலமாக அங்கே கோடு இருப்பது போல.

வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"பார்த்தேன். நன்னா இருக்கு," என்றாள் பார்வதி. "ரசத்துக்குக் கொத்தமல்லி வாங்கிண்டு வந்தேளோ?"

வித்யாவிடம் கேட்டேன். "எனிக்கறிஞ்ஞூடா," என்றாள். தெரியாது என்று அர்த்தம். சண்டை ஏதும் இல்லாதபோது அவள் என்னிடம் மலையாளத்தில் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹரிஹரன் மட்டும் தயங்காமல் பதில் சொன்னார். "ஆபீஸ்காரா போட்டிருப்பா. பின்னே யாரு?"

"மழைக்காலத்துல போடமாட்டோம்னாளே?"

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நல்ல வெயில், கேட்டேளா." பிறகு என்ன நினைத்தாரோ, "வெயில் இருந்ததுன்னு சொன்னா," என்று திருத்திக்கொண்டார்.

கோட்டின் அகலத்தைக் கவனித்தேன். அரசாங்கக் கோடுகளைவிடச் சற்றுக் குறுகல். எங்கள் கோவில் மதிலில் காவிக்கு நடுவே ஓடுகிறதே வெள்ளைப் பட்டை, ஏறக்குறைய அந்த அகலம். சதுர்த்திக்கு முன் மதிலுக்கு அடிக்கவென்று வாங்கிவைத்த பெயிண்ட் டின்கள் கோவில் மடப்பள்ளியில் இருந்தன. இந்த வருஷம் மதிலுக்கு இன்னும் அடிக்கவில்லை. டின்கள் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் ஒருவகை ஆவணப் பாதுகாப்பு.

பார்வதி ஹரிஹரனோடு பேச ஆரம்பித்ததும் அந்த வாரம்தான்.

8

பின் ஏன் மனுப் போட்டேன்? ஒரு தேதிக்காக. அலுவலகம் போட்டிருந்தால் நாள் குறித்திருப்பார்களே என்ற ஆசை. தபாலில் சேர்த்துவிட்டு வந்து சொன்னபோது பார்வதி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக் கிளறறேள்? அனுமதி இல்லாததுன்னு வந்து அழிச்சுட்டா? உங்களுக்குத் தேதி கிடைக்கும். எனக்கு?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. நஷ்டத்தை முன்கூட்டிப் பார்க்கும் தொழில்காரன் இரண்டாம் தடவையும் பார்க்கத் தவறினேன். பதில் வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும், கறுப்புத் தார் வண்டி எதுவும் வந்து நிற்கிறதா என்று ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள்தான் வந்தார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து முதலில் இருவர், பிறகு மூன்று வீட்டுப் பிள்ளைகள். நந்தினி வரவில்லை.

செவ்வாயன்று வந்த பதிலை வித்யா இரண்டு தடவை படித்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அம்மா, பயப்படாதே. அப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னு எழுதிக் கொடுத்துட்டா. இல்லாததை அழிக்கறதுக்கு ஃபைல் ஓபன் பண்ண முடியாது."

பார்வதி அந்தக் காகிதத்தை வாங்கி, பத்திரமாக மடித்து, சுவாமி அலமாரியில் விபூதி மடலுக்கு அடியில் வைத்துவிட்டாள். இதை எழுதும்போது முதல் பத்திக்காக அவளிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் முடிந்த சனிக்கிழமை, நந்தினியின் அப்பா அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். எதிர்ப்பக்கம் நின்று கோட்டை ஒரு தடவை, வண்டிகளை ஒரு தடவை பார்த்தார். இரண்டு பக்கமும் நின்றன. பாதியில் அவள் கையை விடுவித்துக்கொண்டு மீதியைத் தானாக நடந்து வந்தாள்.

அவர்களை வரவேற்கப் போன இடத்தில்தான் நான் அதைக் கவனித்தேன். முதல் கோட்டின் தெற்கு ஓரத்தில், அதாவது எங்கள் பக்கத்தில், கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளையில் ஒரு சுழிப்பு. அதன் அடியில் இரண்டு சிறு கீற்று. பிள்ளையார் சுழி போலத்தான் இருக்கிறது. தூரிகையிலிருந்து சொட்டிய பெயிண்டாகவும் இருக்கலாம். குனிந்து நிதானமாகப் பார்த்துவிடலாம் என்று பலமுறை போனேன். ஓரத்தில் போய் நின்றதுமே வண்டிகள் நின்றுவிடுகின்றன. அவர்களைக் காக்க வைப்பது நியாயமில்லை என்று கடந்துவிடுகிறேன். சுழியா, சொட்டா என்பது இந்தக் குறிப்பை அனுப்பும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.